சம்மதப் படிவம், பக்கம் மூன்று

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
'மூளைத் தூண்டல்' என்றிருந்தது.
தூண்டில் என்று வாசித்தார் முதலாமவர்,
பாண்டிருப்புக் கடற்காரர்;
சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

இரண்டாமவர் வைக்கவில்லை.
பூபாலபிள்ளை, ஐம்பத்தொன்பது, தம்பிலுவில்.
மூன்று வகை மாத்திரை, பதினொரு வருடம்,
நித்திரை இன்னும் வரவில்லை.
பக்கம் மூன்றில் விரலை வைத்தபடி கேட்டார்:
"இது கறண்டா, மனே?"

கல்முனை ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறை.
ஏசி ஒழுகும் வாளி.
அளவுநாடாவைக் கழுத்தில் போட்டிருந்த றிஸ்மியா
என்னைப் பார்த்தாள்.

இல்லை என்று சொல்லலாம்.
காந்தம்தான் ஐயா, வெறும் காந்தம்,
எட்டுப் போல் வளைத்த செம்புச் சுருள்,
வயர் ஒன்றும் உடம்பில் தொடுக்க மாட்டோம்.
எல்லாமே உண்மை.
ஆனால் உயர்தரத்தில் படித்த பௌதிகம் என்னை விடவில்லை:
மாறும் காந்தப்புலம்
அருகிலிருக்கும் கடத்தியில் மின்னை எழுப்பும்.
இங்கே கடத்தி அவர்.

"ஓம் ஐயா" என்றேன்.
"சின்னக் கறண்ட். உள்ளுக்குள்ள பிறக்கும்."
பேனையை மூடினார்,
உருளாதபடி படிவத்தின் மடிப்பில் வைத்தார்,
போய்விட்டார்.

தொண்ணூறாம் ஆண்டைப் பற்றி
எங்கள் வினாக்கொத்தில் கேள்வி இல்லை.
மகள் தொலைபேசியில் சொன்னாள்:
அப்பா ஃபேன் சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை.
நான் உடுப்பு அழுத்தினால் முற்றத்துக்குப் போய்விடுவார்.
மற்றதை அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மழையோடு வந்தார்.
கதவு திறந்திருக்க வேணும்.
சட்டை கழற்ற மாட்டார்.
பிறகு, என்னைப் பாராமல், வாளியைப் பார்த்து:
"நிப்பாட்டு எண்டா நிப்பாட்டுவீங்களா?"

மூக்குத்தண்டிலிருந்து பிடரி மேடுவரை
றிஸ்மியா அளந்தாள், நீலப் பென்சிலால் புள்ளி வைத்தாள்.
மண்டையோட்டின் மேல் சுருளை நகர்த்தி நகர்த்தி
அவருடைய பெருவிரலைத் தேடினேன்.
டக். ஒன்றுமில்லை.
டக்.
அரை அங்குலம் பின்னால், டக்,
மடியில் கிடந்த வலது பெருவிரல்
பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைபோல் திரும்பியது.
இடக்கையால் அதைப் பொத்திக்கொண்டார்.
"நான் அசைக்கல்ல."
"தெரியும் ஐயா. நான்தான்."
அதைச் சொன்ன என் குரல்
எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு இடது நெற்றிக்கு மேலே.
நாலு விநாடி தட்டல், இருபத்தாறு விநாடி ஓய்வு,
முப்பத்தேழு நிமிடம்.
மூன்றாம் தொடரில், "நிப்பாட்டு."
நிப்பாட்டினேன்.
நோகுதா? இல்லை. தலைசுற்றா? இல்லை.
"சரி, போடுங்க."
ஐந்தாவதில், "நிப்பாட்டு."
நிப்பாட்டினேன்.

அன்று பதினாறு தரம்.
றிஸ்மியா கோடு போட்டு எண்ணினாள்.
வெளியே அடுத்தவர் இருமிக் காட்டினார்.
ஒவ்வொரு தரமும் அவர் பார்த்தது என் விரலை,
சொல்லுக்கும் விரலுக்கும் நடுவே
எவ்வளவு சுணக்கம் என்று.

இரண்டாம் வாரம் நாளுக்கு ஆறு.
மூன்றாம் வாரம் ஒரு நாள் ஒன்றுமே இல்லை,
ஊர் முழுக்கக் கறண்ட் போய்
சுருள் தானாக அடங்கியபோது
"நான் சொல்லல்லியே" என்றார்,
முதல் தடவையாகப் பல் தெரிய.

மனச்சோர்வுப் புள்ளி
இருபத்தாறிலிருந்து இருபத்திரண்டு.
எங்கள் வரைவிலக்கணப்படி இது குணமல்ல.
நித்திரை பற்றிக் கேட்டால்
"வந்து வந்து பாத்திட்டுப் போகுது" என்கிறார்;
அதற்கு இலக்கமில்லை.

பேராசிரியர் எடுத்தார் கொழும்பிலிருந்து.
நூற்றுப் பதினொரு இடைநிறுத்தம்,
இந்த ஆளின் தரவை எங்கே வைப்பது,
ஒவ்வொரு தரமும் ஏன் நிறுத்தினீர்கள்?

விலகலுக்குக் காரணம் எழுத
நிரலில் ஒரு சின்னப் பெட்டி,
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
கேட்டார், என்று எழுதினேன்.